லொறியின் பின் விளக்கு எரியவில்லையா? முதலில் எர்த் வயரைப் பாருங்கள்

மரக்கறி லொறிகள் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகின்றன. பகலில் பிடுங்கிய லீக்ஸ், கரட், கோவா ஆகியவற்றை மாலையில் ஏற்றி, பண்டாரவளை, அப்புத்தளை வழியாகப் பெரகலைச் சந்திக்கு இறங்கி, ஹல்துமுல்லை, பலாங்கொடையைத் தாண்டி, விடியுமுன் பேலியகொடைச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் சில யார் தூரத்தில் நிற்பதும் கண்ணுக்குத் தெரியாது. அந்த மூட்டத்துக்குள் பின்னால் வரும் பஸ் சாரதிக்கு நமது லொறி இருப்பதைச் சொல்பவை இரண்டு சிவப்பு விளக்குகள் மாத்திரமே. அவற்றில் ஒன்று எரியாவிட்டால் லொறி அவருக்கு மோட்டார் சைக்கிளாகத் தோன்றும். இரண்டும் எரியாவிட்டால் எதுவுமே தோன்றாது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்த பின்னரும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து போன பின்னரும் பதுளை மாவட்டத்தில் வீடும் தோட்டமும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. முன்பு லயத்துக்குப் பின்னாலேயே மரக்கறிப் பாத்தி இருந்தது. இப்போது மைல் கணக்கில் தள்ளிக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பயிர் செய்கிறார்கள். விதையும் உரமும் போவதற்கும் விளைச்சல் வருவதற்கும் வண்டி வேண்டும். இதற்காக நான்கைந்து குடும்பங்கள் கூடிப் பழைய லொறி ஒன்றை வாங்கியிருப்பதைச் சில இடங்களில் கண்டோம். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை நாட்டில் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்ததால், இருபது முப்பது வருடம் ஓடிய எல்ஃப், கன்டர் லொறிகளுக்குக்கூட நல்ல விலை இருந்தது. எஞ்சினையும் டயரையும் பார்த்து வாங்குகிறோம். பின்னால் ஓடும் வயரை யாரும் பார்ப்பதில்லை.

அப்படி வாங்கிய ஒரு எல்ஃப் லொறியைப் பற்றித்தான் எம்மிடம் கேட்டு வந்தார்கள். பிரேக்கை மிதித்தால் இடது பக்க விளக்கு பிரகாசமாவதற்குப் பதில் அணைந்துவிடும். இடது சிக்னல் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டும். பல்ப் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. கராஜ் ஒன்றில், வயரிங் முழுவதையும் கழற்றிப் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி, உருளைக்கிழங்கு விதைக்கு வைத்திருந்த பணத்தைவிடக் கூடுதலாகக் கேட்டார்களாம். நாம் போய்ப் பார்த்தபோது விளக்குக்குப் பின்னால் கறுப்பு வயர் ஒன்று துருப்பிடித்த போல்ட்டின் கீழ் பச்சை நிறமாக உக்கிக் கிடந்தது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிக் கட்ட அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது.

எல்லா லொறிகளும் இவ்வளவு இலேசில் சரிவராது. ஆனாலும் பழைய வண்டியின் பின் விளக்குக் கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த்திலும், துருப்பிடித்த ஹோல்டரிலும், அவசரத்தில் முறுக்கிக் கட்டிய இணைப்பிலும்தான் இருக்கின்றன என்பது எமது அனுபவம். அவற்றைக் கண்டுபிடிக்க வயரிங் பாஸ் தேவையில்லை. ஒரு பல்ப்பும் இரண்டு துண்டு வயரும் போதும்.

வாய்க்காலும் வடிகாலும்

மின்சாரம் பெட்டரியிலிருந்து புறப்பட்டு, பியூஸ், சுவிட்ச், வயர் வழியாகப் பல்ப்புக்கு வருகிறது. வந்தால் மட்டும் போதாது. அது பெட்டரிக்குத் திரும்பிப் போகவும் வேண்டும். திரும்பும் வழிக்குத் தனி வயர் முழு நீளத்துக்கும் போடாமல், லொறியின் இரும்புச் செசியையே வழியாகப் பயன்படுத்துகிறார்கள். பெட்டரியின் மைனஸ் முனை செசியோடு கட்டப்பட்டிருக்கும். விளக்கின் எர்த் வயரும் செசியோடு கட்டப்பட்டிருக்கும். இதுதான் எர்த்.

வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் ஒன்று, வடிந்து போகும் வடிகால் ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வரம்பு மீறிப் பக்கத்து வயலுக்குள் பாயும். மின்சாரமும் அதையேதான் செய்கிறது. பின் விளக்கின் பல்ப்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. மெல்லிய இழை 5 வொட்; இரவில் எரிவது அது. தடித்த இழை 21 வொட். பிரேக் மிதிக்கும்போது எரிவது. இரண்டுக்கும் வடிகால் ஒன்றே, பல்ப்பின் பித்தளை அடிப்பாகம். அந்த எர்த் அறுந்திருக்கும்போது பிரேக்கை மிதித்தால், தடித்த இழைக்குள் வந்த மின்சாரம் வெளியேற வழியின்றி மெல்லிய இழைக்குள் தலைகீழாக ஏறி, மற்றப் பக்க விளக்கு, முன்பக்கச் சிறு விளக்குகள், இலக்கத்தகட்டு விளக்கு என்று கிடைத்த இடத்தில் எர்த்தைத் தேடிப் போகும். எல்லாம் மங்கலாக எரியும். ஏற்கெனவே பின் விளக்கு போட்டிருந்து பிரேக்கையும் மிதித்தால், இரு புறமும் ஒரே அழுத்தத்தில் மின்சாரம் வந்து நின்றுவிடும். எங்கும் ஓடாது, விளக்கு அணைந்துவிடும். மேலே சொன்ன எல்ஃப் லொறியில் நடந்தது இதுவே. இதைப் பார்த்து பிரேக் சுவிட்ச் பழுது என்று எண்ணி அதை மாற்றியவர்களும் உண்டு.

எர்த் முழுதாக அறுந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. 12 வோல்ட் லொறி ஒன்றில் துருவினால் 1 ஓம் தடை மட்டும் வந்தாலே பிரேக் பல்ப்புக்குப் போக வேண்டிய 12 வோல்ட்டில் சுமார் ஒன்றரை வோல்ட் வழியிலேயே வீணாகும். அதனால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பகலில் கராஜ் வாசலில் நின்று பார்த்தால் "எரிகிறதே" என்று தோன்றும். மூட்டத்தில் அது போதாது.

மலைநாட்டு லொறிகளுக்கு இந்த நோய் கூடுதலாக வருவதற்குக் காரணங்கள் உண்டு. ஈரமும் மூட்டமும் ஒன்று. மற்றது நாம் ஏற்றும் பாரம். யூரியா மூடை, எம்.ஓ.பி. உரம், கோழி எரு, கழுவிய மரக்கறியிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் பலகை இடுக்கால் வடிந்து விளக்கின் மேல்தான் விழுகின்றன. உர உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்பு பச்சையாகிப் பொடிந்துவிடும். மூன்றாவது, எமது லொறிகள் பலவற்றின் உடல் மரத்தால் செய்யப்பட்டது. விளக்கைப் பலகையில் ஆணி வைத்துப் பூட்டினால் எர்த் எங்கிருந்து வரும்? மரத்தில் மின்சாரம் பாயாது. அங்கே தனி எர்த் வயர் செசிவரை கட்டாயம் வர வேண்டும். உடல் புதிதாகக் கட்டும் தச்சருக்கு இதை நினைவுபடுத்துவது நல்லது.

12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

வேலை தொடங்குமுன் இதை அறிந்துகொள்ள வேண்டும். டிமோ பட்டா போன்ற சிறு லொறிகள் 12 வோல்ட். பழைய ஜப்பானிய டீசல் லொறிகளில் பல 24 வோல்ட். பெட்டரிகளைப் பாருங்கள். இரண்டு பெட்டரி இருந்து, ஒன்றின் பிளஸ் முனை மற்றதன் மைனஸ் முனையோடு இணைக்கப்பட்டிருந்தால் அது 24 வோல்ட். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்ந்திருந்தால் இரண்டு பெட்டரி இருந்தும் 12 வோல்ட்தான். 12 வோல்ட் பல்ப்பை 24 வோல்ட் லொறியில் போட்டால் உடனே எரிந்து போகும். 24 வோல்ட் பல்ப்பை 12 வோல்ட் லொறியில் போட்டால் மின்மினி போல எரியும். ஆட்கள் வயரைத் திட்டுவார்கள். பல்ப்பின் அடியில் எழுத்து உண்டு, வாசித்து வாங்குங்கள்.

சிலர் 24 வோல்ட் லொறியில் ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் வயர் எடுத்து 12 வோல்ட் விளக்கும் ரேடியோவும் போடுகிறார்கள். வேலை செய்யும். ஆனால் ஒரு பெட்டரி எப்போதும் இறங்கியும் மற்றது அளவுக்கு மேல் ஏறியும் நின்று, இரண்டும் காலத்துக்கு முன்பே கெட்டுவிடும்.

சோதனை விளக்கு

21 வொட் பல்ப் ஒன்று, அதற்கான ஹோல்டர், ஒவ்வொன்றும் இரண்டு பாகம் நீளமான இரண்டு வயர். ஒரு வயர் நுனியில் முதலைவாய் கிளிப், மற்றதில் கூரான ஆணி. 24 வோல்ட் லொறிக்கு 24 வோல்ட் பல்ப். கிடைக்காவிட்டால் ஒரே அளவான இரண்டு 12 வோல்ட் பல்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துக் கொள்ளலாம். சிறிய டெஸ்டர் கடையில் கிடைக்கும்தான். ஆனால் அது அரைகுறைத் துருவிலும் எரிந்து நம்மை ஏமாற்றும். 21 வொட் பல்ப்புக்கு நல்ல மின்சாரம் தேவைப்படுவதால் அது பொய் சொல்லாது. சூடு அதிகமாகும், ஆசன மெத்தை மேல் வைத்துவிடாதீர்கள்.

முதலில் ஒருவர் சாரதி ஆசனத்தில் இருக்க, ஒருவர் பின்னால் நின்று பாருங்கள். பின் விளக்கு, பிரேக், இடது சிக்னல், வலது சிக்னல் என ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டு, பிறகு இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு, கண்டதைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் பழுது அந்தப் பக்கத்து விளக்கிலோ அதற்கு அருகிலோதான். இரு பக்கமும் பின் விளக்கு இல்லை, பிரேக் மட்டும் எரிகிறது என்றால் பியூஸையும் முன்பக்கச் சுவிட்சையும் பாருங்கள். பின் விளக்கு எரிகிறது, இரு பக்கமும் பிரேக் இல்லை என்றால் பிரேக் பியூஸ் அல்லது பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச். அந்தச் சுவிட்சின் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடவைத்தால் பிரேக் விளக்கு எரிகிறதா? எரிந்தால் சுவிட்ச்தான் பழுது.

ஒரு பக்கக் கோளாறுக்கு, சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பல்ப்பை எடுங்கள். இழை அறுந்திருந்தாலோ உள்ளே கறுத்திருந்தாலோ மாற்றுங்கள். இரட்டை இழைப் பல்ப்பின் பக்கத்தில் உள்ள இரண்டு சிறு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கமாட்டா. தவறாகப் போடாமலிருக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். கடையில் இல்லை என்று சிக்னலுக்குரிய ஒற்றை இழைப் பல்ப்பை அதற்குள் திருகி நுழைத்தால், ஹோல்டரின் இரண்டு முனைகளும் ஒன்றாகித் தொட்டு, பிரேக் மிதிக்கும் போதெல்லாம் முன்பக்கச் சிறு விளக்கும் டேஷ்போர்ட் விளக்கும் எரியும். பேய் பிடித்த லொறி என்று ஒருவர் எம்மிடம் கொண்டுவந்தது இந்த வியாதியோடுதான்.

பல்ப் சரியென்றால் பின் விளக்கைப் போட்டுவிட்டு, சோதனை விளக்கின் கிளிப்பைச் செசியில் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் மாட்டி, ஆணியால் ஹோல்டருக்குள் இருக்கும் முனைகளைத் தொடுங்கள். ஒன்றில் நன்றாக எரிந்தால் மின்சாரம் அங்குவரை வருகிறது. பிரேக்கை மிதிக்கச் சொல்லி மற்ற முனையையும் அப்படியே பாருங்கள். இப்போது கிளிப்பைச் செசியிலிருந்து எடுத்து ஹோல்டரின் உலோகச் சுவரில் மாட்டி அதே முனைகளைத் தொடுங்கள். செசியில் எரிந்தது இங்கே எரியவில்லை, அல்லது மங்குகிறது என்றால் எர்த்தான் பழுது. தேட வேறு இடமில்லை. உறுதிப்படுத்த, பல்ப்பைத் திரும்பப் போட்டு, ஹோல்டரின் உலோகத்திலிருந்து செசிக்கு ஒரு தனி வயரைப் பிடித்துப் பாருங்கள். விளக்கு பளிச்சென்று எரியும்.

செசியில் கிளிப் மாட்டியும் இரு முனையிலும் எரியவில்லை என்றால் மின்சாரம் வழியில் நிற்கிறது. வயர் வந்த பாதையில் பின்னாலிருந்து முன்னுக்கு ஒவ்வொரு இணைப்பாக ஆணியால் தொட்டுக்கொண்டு போங்கள். எரிந்த இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் இடையில்தான் பழுது. வயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய லொறியில் எத்தனையோ கைகள் பட்டிருக்கும். சிவப்பு வயர் நடுவில் மஞ்சளாகி, கடைசியில் வீட்டு வயராக முடிவதையும் பார்த்திருக்கிறோம்.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால்

அதற்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும், செம்புக் கம்பியைச் செருகுவதும் நாடு முழுவதும் உள்ள பழக்கம். பியூஸ் எரிவது, எங்கோ ஒரு வயர் தோல் உரிந்து செசியைத் தொடுகிறது என்று சொல்வதற்காக. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். பலகைக்குக் கீழே, டீசல் தாங்கிக்குப் பக்கத்தில் எரியும். பெட்டி மூடியில் எழுதியுள்ள அம்பியர் அளவைவிடப் பெரிய பியூஸ் போடுவதும் அதே ஆபத்துத்தான்.

செய்ய வேண்டியது இது. பின் விளக்குப் பல்ப்புகளைக் கழற்றிவிட்டு, எரிந்த பியூஸை எடுத்து, அதன் இரு முனைகளுக்கும் இடையில் சோதனை விளக்கைப் பூட்டுங்கள். சுவிட்சைப் போட்டால் வயர் செசியைத் தொட்டிருக்கும்வரை சோதனை விளக்கு முழுப் பிரகாசமாக எரியும். பல்ப் நடுவில் நிற்பதால் வயருக்குச் சேதமில்லை, பியூஸும் வீணாகாது. இனி ஒருவர் விளக்கைப் பார்த்திருக்க, மற்றவர் வயர்க்கட்டை அடி அடியாக ஆட்டிக்கொண்டு போக வேண்டும். சோதனை விளக்கு மங்கும் அல்லது அணையும் இடத்தில் நில்லுங்கள். முன்பக்கச் சிறு விளக்குகளும் அதே பியூஸில் இருந்தால் பழுது நீங்கிய பின்னும் மங்கலான வெளிச்சம் இருக்கும், அது குற்றமில்லை. வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள்: செசியின் துவாரத்தில் ரப்பர் வளையம் போய்விட்ட இடம், சைலன்சருக்கு அருகே உருகிய இடம், பின் சக்கரம் சேறடிக்கும் வளைவு. புதிதாக உடல் கட்டிய லொறி என்றால், உடலைச் செசியோடு பிடிக்கும் பெரிய போல்ட்டின் கீழ் வயர் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கட்டும்போது

எந்த வயரிலும் கைவைக்குமுன் பெட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். எர்த்துக்கு, செசியில் ஓரிடத்தை வர்ணமும் துருவும் போக மணல் கடதாசியால் தேய்த்து, வயர் நுனியில் வளையத் தகடு பிடித்து, போல்ட் நட்டும் பல் வாஷரும் வைத்து இறுக்கி, மேலே வாஸ்லின் பூசுங்கள். மரப்பலகைக்குப் பூட்டிய ஆணி எர்த் ஆகாது. இடது வலது இரு விளக்குகளுக்கும் தனித்தனி எர்த் போட்டுவிட்டு, இரண்டையும் இன்னொரு வயரால் இணைத்துவிட்டால் ஒன்று உக்கினாலும் மற்றது காப்பாற்றும். ஹோல்டருக்குள் பச்சையைச் சுரண்டி, அமுங்கிப்போன முனைகளைச் சற்று நிமிர்த்திவிடுங்கள்.

வயரை வயரோடு முறுக்கி டேப் சுற்றுவது வெயில் நாட்டில் சில மாதம் நிற்கலாம். இங்கே ஒரு மழைக்காலம் நிற்காது. முறுக்கி, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயால் மூடுங்கள். ஈயம் இல்லையென்றால் சரியான அளவுக் குழாய்த்தகட்டில் நுழைத்துக் குறடால் நசுக்கலாம். வயர் பழையதைவிட மெல்லியதாக இருக்கக்கூடாது. இணைப்பின் இரு புறமும் கட்டிவிடுங்கள். லொறி குலுங்கும்போது இழுவை இணைப்பில் விழாதிருக்கட்டும்.

டித்வா வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளுக்கு இன்னொரு வார்த்தை. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லாம் சரி என்று இருந்துவிட வேண்டாம். கனெக்டர்களுக்குள் புகுந்த வண்டல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். பெட்டரியைக் கழற்றி, பின்பக்கக் கனெக்டர்களைப் பிரித்து, நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் முழுதாக உலர்த்தி, வாஸ்லின் பூசிப் பூட்ட வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஓரிரு வரி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இரவில் ஓடும் வண்டிக்கு விளக்கு வேண்டும் என்கிறது. லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் எடுக்கும்போதும் விளக்குகள் பார்க்கப்படும். பின்னால் சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் நீலமும் வெள்ளையுமாக எல்.இ.டி. பட்டிகளை ஒட்டுவது, மூட்டத்தில் வருபவருக்கு லொறி போகிறதா வருகிறதா என்ற குழப்பத்தையே தரும். அந்தக் காசுக்குச் சிவப்பு ஒளித்தெறிப்புத் தகடு வாங்கிப் பின் கதவுப் பலகையின் இரு ஓரத்திலும் ஆணியடியுங்கள். அதற்கு வயர் இல்லை, பியூஸ் இல்லை. எல்லாம் அணைந்த இரவிலும் பின்னால் வரும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும்.

வழியில் விளக்கு அணைந்தால் வளைவில் நிறுத்தாதீர்கள். நேர்ப்பாதையில் ஓரங்கட்டி, சிக்னல் எரியுமானால் அதைப் போட்டுவிட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். மரக்கிளை வெட்டிப் போடுவது எமது வழக்கம். கிளை பகலுக்குச் சரி, இரவு மூட்டத்தில் தெரியாது. புறப்படும்போது அந்தக் கிளையையும் எடுத்துவிட்டுப் போங்கள். மோட்டார் சைக்கிளில் வருபவர் அதில் விழுந்த கதையும் உண்டு.

தனியாகப் போகும் சாரதிக்கு ஒரு வழி சொல்லிவைக்கிறோம். பாரம் ஏற்றியபின், புறப்படுமுன், லொறியின் பின்பக்கத்தை ஏதாவது சுவருக்கு அருகே நிறுத்துங்கள். பின் விளக்கைப் போட்டு, கண்ணாடியில் சுவரைப் பாருங்கள். இரு பக்கமும் சிவப்பு விழ வேண்டும். பிரேக்கை மிதித்தால் இரண்டும் ஒரே அளவு பளிச்சிட வேண்டும். மிதித்தபடியே சிக்னலையும் போட்டுப் பாருங்கள். சிக்னலோடு சேர்ந்து சிவப்பும் துடித்தால், இறங்கி எர்த் வயரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.